ஒன்றரைச் சுற்று

ராயபுரத்தில் அந்த வீட்டைக் கண்டுபிடிக்க எனக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. மீன்பிடித் துறைமுகம் போகிற சாலையிலிருந்து இரண்டாவது சந்து, பச்சை கேட், வாசலில் உப்பு மூட்டை அடுக்கியிருக்கும் என்று போனில் ஒரு அம்மா சொன்னார். அடுக்கியிருந்தது. காலை பதினொரு மணி. மழை வருவதா வேண்டாமா என்று வானம் யோசித்துக்கொண்டிருந்தது. சந்து முனையில் ஒரு கன்டெய்னர் லாரி ரிவர்ஸ் எடுக்க முடியாமல் கத்திக்கொண்டிருந்தது.

என் பெயர் டில்லிபாபு. விம்கோ நகரில் ஒரு சின்ன ஷெட் வைத்திருக்கிறேன். கார் கண்ணாடி வேலை. அதிலும் ஃப்ரேம்லெஸ் கதவு என்றால் திருவொற்றியூரிலிருந்து மணலி வரைக்கும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். இந்த வகைக் கதவில் கண்ணாடியைச் சுற்றி இரும்புச் சட்டம் இருக்காது. கண்ணாடி மொட்டையாக நிற்கும். கைப்பிடியை இழுத்ததும் உள்ளே இருக்கும் மோட்டார் கண்ணாடியை ஒரு விரற்கடை கீழே இறக்கும், அப்போதுதான் அதன் மேல் விளிம்பு கூரையின் ரப்பர் பீடிங்கை விட்டு வெளியே வந்து கதவு திறக்கும். மூடியதும் மறுபடி ஏறி பீடிங்குக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். இந்த ஏற்ற இறக்கத்தை அளவு பார்த்து வைப்பதுதான் என் பிழைப்பு. அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்த காலமும் உண்டு.

கேட்டைத் திறந்த அம்மாவுக்கு எழுபது வயது இருக்கும். வெள்ளைப் புடவை, காலில் ரப்பர் செருப்பு, பேச்சில் திருநெல்வேலி.

"கார்டுல பாத்த பேரு தானா? டில்லிபாபு?"

"ஆமாம்மா."

"நான் தேவகிருபை. வாரும். ஒம்ம கார்டு வண்டிக்குள்ளதான் கெடந்துச்சு. மூணு மணிக்கு தவ்ஃபீக்குன்னு ஒருத்தரு வாங்க வாராரு. வலது கதவு தொறந்து மூடுனாத்தான் எடுப்பேங்காரு."

வீட்டின் பக்கவாட்டில் தகரக் கொட்டகை. உள்ளே வெளிச்சம் குறைவு. கருவாட்டு வாடைக்கு மேலே இன்னொரு வாடை அடித்தது. சேறும் எண்ணெயும் கலந்த வாடை. அதை எங்கேயோ முகர்ந்திருக்கிறேன் என்று நினைத்தபடியே போய் தார்ப்பாயை இழுத்தேன்.

கருநீல நிறம். இரண்டு கதவு. நம்பரைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை.

அது ஜெபசிங்கின் கார்.

திரும்பி ஓடிவிடலாம் என்று தோன்றியது. டூல்ஸ் மறந்துவிட்டேன், போய் எடுத்து வருகிறேன் என்று சொன்னால் யார் என்னைத் தேடி வரப்போகிறார்கள். பை என் தோளில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த அம்மா அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் மவன் வண்டி," என்றார். "அவம் போயி ரெண்டு வருசம் ஆவுது."

எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாததும் எனக்குத் தெரியும்.

ஜெபசிங் மணலி புதுநகரில் மளிகை மொத்த வியாபாரம் செய்தவர். மூட்டை தூக்கி வளர்ந்த பெரிய கை. பழைய வெளிநாட்டுக் கார் ஒன்றை ஆசைப்பட்டு வாங்கி, குழந்தையை வைத்திருப்பதுபோல் வைத்திருந்தார். வலது கண்ணாடியில் காற்று புகுந்து விசில் அடிக்கிறது என்று மூன்று முறை என் ஷெட்டுக்கு வந்தார். "டில்லி, எண்ணூர் ரோட்டுல போனா காதுக்குள்ள யாரோ ஊதுற மாதிரியே இருக்கு" என்பார், சிரித்துக்கொண்டே. கோபப்படத் தெரியாத மனிதர். கோபப்பட்டிருந்தால் நான் ஒழுங்காக வேலை செய்திருப்பேன்.

பீடிங் பழசு. புதுசு வெளிநாட்டிலிருந்து வர இரண்டு மாதம் ஆகும். மூன்றாம் முறை அவர் வந்தபோது எனக்கு அலுத்துவிட்டது. கதவின் அடிப்பக்கம் இரண்டு ரப்பர் மூடிகள் இருக்கும். அதற்குள் கண்ணாடி எந்த உயரத்தில் நிற்க வேண்டும் என்று அளவு வைக்கிற போல்ட்டுகள். அவற்றை ஒன்றரைச் சுற்று ஏற்றிவிட்டேன். கண்ணாடி பீடிங்குக்குள் ஆழமாகப் போய் ஏறி உட்கார்ந்தது. போல்ட் தலையில் மஞ்சள் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டேன். என் அடையாளம் அது.

பிறகு காகிதம் வைத்துப் பார்த்தேன். தினசரி காலண்டர் தாளைக் கண்ணாடிக்கும் பீடிங்குக்கும் நடுவில் வைத்துக் கதவை மூடி, வெளியே நீட்டியிருப்பதை இழுக்க வேண்டும். லேசாகப் பிடித்துக்கொண்டு வந்தால் சரியான அளவு. சும்மா வந்தால் தளர்வு. கிழிந்தால் இறுக்கம். அன்றைக்குத் தாள் கிழிந்தது. நவம்பர் 28. தேதி இருந்த மேல்பாதி உள்ளேயே மாட்டிக்கொண்டது, ராகு காலம் போட்டிருந்த கீழ்ப்பாதி என் கையில். அதை நான் அவருக்கு ஆட்டிக் காட்டினேன்.

"பாருங்க சார், காத்து இன்னா, கொசுகூட உள்ள வராது."

இன்னும் ஒரு சோதனை பாக்கி இருந்தது. பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, ஒருவர் உள்ளே உட்கார்ந்து கதவைத் தள்ளிப் பார்க்க வேண்டும். கரண்ட் செத்துப்போனால் கண்ணாடி இறங்காது. அப்போதும் கொஞ்சம் பலமாகத் தள்ளினால் கதவு வந்துவிட வேண்டும். இதைச் செய்தால் கண்ணாடியின் மெமரி அழிந்துபோகும், மறுபடி ஏற்றி இறக்கிப் பழக்க வேண்டும். பத்து நிமிட வேலை. பக்கத்துக் கடை உபைதுல்லா பாய் அப்போதுதான் பிரியாணிப் பொட்டலம் கொண்டுவந்து வைத்திருந்தார். ஆறிவிடும் என்று நினைத்தேன். வண்டியைக் கொடுத்து அனுப்பிவிட்டேன். பிரியாணி ருசியாக இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆறாம் நாள் புயல் மழை. மணலி புதுநகர் பக்கம் தண்ணீர் ஏறி, அதில் எண்ணெய் மிதந்தது. ஜெபசிங்கும் அவர் மனைவி ஷெர்லினும் கடையிலிருந்து கிளம்பியபோது வழியில் கார் நின்றுவிட்டது. வண்டியில் கரண்ட் செத்துவிட்டது. ஷெர்லின் இடது கதவைத் திறந்து இறங்கினாள். அந்தக் கதவில் நான் கை வைக்கவில்லை. இறங்கியதும் வெள்ளம் காரைத் தள்ளிக்கொண்டுபோய் ஒரு காம்பவுண்டு சுவரில் இடது பக்கமாகச் சாத்திவிட்டது. ஜெபசிங் வெளியே வர மிச்சம் இருந்தது வலது கதவு ஒன்றுதான். அவள் சுற்றிவந்து அதை இழுத்திருக்கிறாள். வரவில்லை. அடுத்த அலையில் அவளை அடித்துக்கொண்டுபோய் முப்பது அடி தள்ளி ஒரு கரண்ட் கம்பத்தில் சேர்த்தது. அங்கிருந்து பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள்.

கல்லறைத் தோட்டத்தில் நான் பின்னால் நின்றேன். எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டார்கள். "இவ மட்டும் எறங்கிட்டாளாம். கதவ இழுத்தாளாம், வரலியாம். இழுத்தா வராத கதவு எங்கயாவது உண்டுமா?" அவர்கள் குரலைத் தாழ்த்தவே இல்லை. ஷெர்லின் தலையைக் குனிந்தபடி நின்றாள். வராத கதவு உண்டு, செய்தவன் நான்தான் என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். செருப்பில் ஒட்டிய சேற்றைத் தரையில் தேய்த்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இப்போது அதே கதவின் முன்னால் நிற்கிறேன்.

கொட்டகை குறுகல். யாரோ காரைத் தள்ளிக்கொண்டு வந்து சுவரை ஒட்டி விட்டிருந்தார்கள். இடது பக்கம் ஒரு கைதான் நுழையும். பானெட்டைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள்.

"அன்னைக்கு வண்டிய எடுத்ததுலருந்து இந்தக் கதவு தொறக்கவே இல்ல," என்றார் தேவகிருபை அம்மா. "மழ பெஞ்சா உள்ள ஒரே ஈரமா இருக்கு. கூர ஒழுவவும் இல்ல. என்னன்னு தெரியல."

"பழைய ரப்பரும்மா. அப்படித்தான் கீது," என்றேன். என் குரல் எனக்கே அசிங்கமாகக் கேட்டது.

அடுப்படி வாசலில் ஷெர்லின் வந்து நின்றாள். முப்பது வயதுதான் இருக்கும். என்னை அடையாளம் தெரிந்ததா என்று முகத்தில் தேடினேன். தெரியவில்லை. அந்த அம்மா திரும்பாமலே, "தண்ணி வேணும்னா அவ தருவா" என்றார். பேரைச் சொல்லவில்லை. அதன் பிறகும் வெகு நேரம் "அவ"தான்.

கொண்டுவந்த பேட்டரியை மாட்டினேன். சோப்புத் தண்ணீரைப் பீடிங்கில் விட்டு, மெல்லிய பிளாஸ்டிக் தகட்டைச் செருகி ரப்பரின் உதட்டைத் தூக்கியபடியே கைப்பிடியை இழுத்தேன். மோட்டார் முனகியது. கண்ணாடி நடுங்கியது. நாலாவது இழுப்பில் இறங்கி, கதவு வந்தது.

வந்ததும் உள்ளேயிருந்து தண்ணீர் கொட்டியது. கறுப்புத் தண்ணீர், ஒரு குடம் இருக்கும். என் காலை நனைத்துக்கொண்டு தரையில் ஓடியது. அதன் மேல் எண்ணெய் பல நிறத்தில் மினுங்கியது.

இரண்டு வருடமாகக் கூரைக்கடியில் நிற்கிற கார்.

ஷெர்லின் மூக்கைப் புடவையால் மூடிக்கொண்டு ஒரு அடி பின்னால் போனாள்.

ரப்பர் மூடிகளைக் கழற்றி டார்ச் அடித்தேன். மஞ்சள் கோடு அப்படியே இருந்தது. சட்டென்று சந்தோஷமாகிவிட்டது எனக்கு. வெட்கம்கெட்ட சந்தோஷம். ஒன்றரைச் சுற்று இறக்கிவிட்டால் தடயமே இருக்காது, மூன்று மணிக்கு வண்டி போய்விடும், இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. இறக்கினேன். மஞ்சள் கோட்டைத் துணியில் பெட்ரோல் தொட்டுத் துடைத்தேன்.

"காலண்டர் தாள் ஒண்ணு கொடுங்கம்மா. பழசு போதும்."

ஷெர்லின் பைபிள் வசனக் காலண்டரிலிருந்து நேற்றைய தாளைக் கிழித்து வந்தாள். அதை வைத்துக் கதவை மூடி இழுத்தேன்.

கிழிந்தது.

திறந்து பார்த்தேன். உள்ளே மாட்டிய பாதியைக் காணோம். சீட்டில் இல்லை, கீழே இல்லை, பீடிங்கிலும் இல்லை. குனிந்து போல்ட்டைப் பார்த்தேன். அது பழைய உயரத்தில் இருந்தது. தலையில் மஞ்சள் கோடு, பெயின்ட் இன்னும் காயாமல்.

விரலில் ஒட்டியது.

நான் குனிந்தபடியே இருந்தேன். எழுந்தால் முகத்தைப் பார்த்துவிடுவார்கள். மறுபடி இறக்கினேன். இந்தமுறை மூன்று சுற்று. இன்னொரு தாள் கேட்டு வாங்கி வைத்தேன், அது லேசாகப் பிடித்துக்கொண்டு முழுசாக வந்தது. சரியாகிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அங்கேயே கிளம்பியிருக்கலாம். ஆனால் அன்றைக்கு விட்ட சோதனையை இன்றைக்கும் விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை. இன்னொருவன் இந்த வண்டியில் உட்காரப்போகிறான். பேட்டரி வயரைக் கழற்றி மட்கார்டு மேல் துணிபோட்டு வைத்தேன்.

"யாராச்சும் ஒருத்தர் உள்ள உக்காந்து தள்ளிப் பாக்கணும்மா."

நானே உட்கார்ந்திருக்க வேண்டும். தைரியம் வரவில்லை. இதுவும் என் தப்புதான். நான் ஷெர்லினைப் பார்த்தேன். அவள் தலையை ஆட்டினாள், முடியாது என்று.

"அவ எதுக்கு?" என்றார் தேவகிருபை அம்மா. "அவளுக்கு எறங்கத்தான் தெரியும். நான் உக்காருதேன்."

புடவையை ஒதுக்கிக்கொண்டு மகன் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்தார். ஸ்டியரிங்கை ஒருமுறை தடவினார். நான் கதவை மூடினேன்.

"இப்ப தள்ளுங்கம்மா."

அவர் தள்ளவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. பக்கத்து சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, தள்ளுங்க."

ர்ர்ர் என்று ஒரு சத்தம்.

கண்ணாடி ஏறுகிற சத்தம் அது. முப்பது வருடமாகக் கேட்கிறேன், எனக்குத் தப்பாகாது. பேட்டரியைத் திரும்பிப் பார்த்தேன். வயர் மட்கார்டு மேல்தான் கிடந்தது.

கண்ணாடியின் விளிம்பு பீடிங்குக்குள் போனது. இன்னும் போனது. எங்கே நிற்கும் என்று எனக்குத் தெரியும்.

அங்கேதான் நின்றது.

கைப்பிடியை இழுத்தேன். வரவில்லை. பிளாஸ்டிக் தகட்டைச் செருகினேன். அது உள்ளே நுழைய இடம் இல்லை. ஸ்பேனரை எடுத்துக் கண்ணாடியில் ஓங்கி அடித்தேன். ஸ்பேனர் தெறித்து என் மணிக்கட்டு மரத்துப்போனது. கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லை.

அப்போதுதான் உள்ளே பனி படர்ந்தது. பனி என்றால் மேலிருந்து கண்ணாடி முழுக்கப் படியும். இது கீழிருந்து ஏறியது. கோடு போட்டதுபோல் நேராக, மெல்ல. அந்த அம்மாவின் இடுப்பு மறைந்தது. பிறகு நெஞ்சு. அவர் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தார். உதடு மட்டும் அசைந்தது. யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

பனியில் ஒரு கை பதிந்தது.

உள்ளேயிருந்து.

பெரிய கை. மூட்டை தூக்கிய கை.

என்னைத் தள்ளிவிட்டு ஷெர்லின் வந்தாள். கதவுக்கடியில் ஓரிடத்தில் காலை ஊன்றி, இரண்டு கையையும் கைப்பிடிக்குள் விட்டு இழுத்தாள். எங்கே ஊன்ற வேண்டும் என்று அவளுக்குத் தேட வேண்டியிருக்கவில்லை. நகம் ஒன்று பிய்ந்து ரத்தம் வந்தது. விடவில்லை.

"அன்னைக்கும் இப்படித்தான் இழுத்தேன்," என்றாள். எனக்குச் சொல்லவில்லை. யாருக்கும் சொல்லவில்லை.

அவள் காதுக்கருகில் போய் மெதுவாகச் சொன்னேன்.

"உங்க மேல தப்பு இல்லம்மா. எப்படி இழுத்திருந்தாலும் வந்திருக்காது. நான்தான் டைட்டா வச்சுட்டேன்."

அவள் இழுப்பதை நிறுத்தவில்லை. திரும்பவும் இல்லை. மூச்சு வாங்கியபடியே சொன்னாள்.

"சத்தமா சொல்லுங்க. அவங்களுக்குக் கேக்கணும்."

பனிக்கோடு அந்த அம்மாவின் கழுத்துக்கு வந்திருந்தது.

நான் கண்ணாடியில் வாயை வைத்துக் கத்தினேன். ஒன்றரைச் சுற்றைச் சொன்னேன். கிழிந்த தாளைச் சொன்னேன். வயரைக் கழற்றிப் பார்க்காமல் விட்டதைச் சொன்னேன். பிரியாணியையும் சொன்னேன். உங்க மருமகள் இழுத்தது நிஜம்மா, அந்தக் கதவு வராது, எனக்கு அது அப்பவே தெரியும், கல்லறைத் தோட்டத்துக்கு வந்தேன், எல்லாரும் பேசினதைக் கேட்டுக்கினு வாயை மூடிக்கினு வந்துட்டேன். என்னென்ன சொன்னேனோ. அழுதேன் என்று நினைக்கிறேன்.

உள்ளே அந்த அம்மா மெல்லத் திரும்பினார். என்னைப் பார்க்கவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, கதவை இழுத்துக்கொண்டிருக்கும் ஷெர்லினைப் பார்த்தார். மகன் கடைசியாக எந்த இடத்திலிருந்து பார்த்தானோ அங்கிருந்து பார்த்தார்.

ரொம்ப நேரம் பார்த்தார்.

ர்ர் என்றது. கண்ணாடி ஒரு விரற்கடை இறங்கியது.

ஷெர்லின் இழுத்த வேகத்தில் கதவு அகலத் திறந்து, அவள் தரையில் விழுந்தாள். பேட்டரி வயர் மட்கார்டு மேல் அப்படியே கிடந்தது.

தேவகிருபை அம்மா ஒரு காலை வெளியே வைத்து, கதவைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அவருடைய வெள்ளைப் புடவை கழுத்துவரை நனைந்திருந்தது. கறுப்புத் தண்ணீர். சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்தது.

"எத்தன சுத்து?" என்று கேட்டார்.

"ஒண்ணரைம்மா."

"ஒண்ணர," என்றார். அதற்குமேல் என்னை ஒன்றும் கேட்கவில்லை. திட்டியிருக்கலாம். செருப்பைக் கழற்றியிருக்கலாம், நான் நின்று வாங்கியிருப்பேன். அவர் கீழே குனிந்து மருமகளின் கையைப் பிடித்து விரலைப் பார்த்தார். ரத்தத்தைத் தன் ஈரப்புடவையால் துடைத்தார்.

"எந்திரி ஷெர்லின். உள்ள வா. இங்கன உக்காராத."

அந்தப் பெண் அழ ஆரம்பித்தாள். நான் வேறு பக்கம் பார்த்தேன். பார்ப்பதற்கு எனக்கு உரிமை இல்லை.

பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது அந்த அம்மா கூப்பிட்டார். வலது கை இவ்வளவு நேரமும் மூடியே இருந்ததை அப்போதுதான் கவனித்தேன். விரித்து என்னிடம் நீட்டினார்.

ஈரமான ஒரு காகிதம். மேல்பாதி மட்டும். பெரிய எழுத்தில் 28 என்று இருந்தது. நவம்பர்.

"இது ஒம்முதுதானே?"

"இது… கீழ கெடந்துச்சாம்மா?"

"கெடக்கல," என்றார். "அவன் குடுத்தான்."

மறுநாள் அவரோடும் ஷெர்லினோடும் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். நடந்ததை எழுதிக் கொடுத்தேன். தாளும் கொடுத்தேன். கூப்பிடுகிறோம் என்றார்கள். இன்னும் கூப்பிடவில்லை. ஒவ்வொரு முறை போன் அடிக்கும்போதும் அவர்களாக இருக்கட்டும் என்று நினைக்கிறேன். தண்டனை என்று ஏதாவது வந்தால் அதற்கு ஒரு முடிவும் இருக்கும். அந்தக் காரை அவர்கள் விற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்து மாமியாரும் மருமகளும் சேர்ந்து அதைத் துடைக்கிறார்கள் என்று கேள்வி.

நான் இந்தத் தொழிலை விட்டுவிடலாம் என்று பார்த்தேன். விடவில்லை. வேறு எதுவும் தெரியாது என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் இருக்கிறது. அதைச் சொன்னால் என் மனைவியே நம்பமாட்டாள்.

போன வாரம் ஒரு வெள்ளை நிற இரண்டு கதவு கார் வந்தது. பட்டப்பகல். வெளியே வெயில் கொளுத்துகிறது. காரில் யாரும் இல்லை, ஷெட்டிலும் நான் மட்டும்தான். வலது கண்ணாடியை அளவு வைத்து, அன்றைய தாளைச் செருகிக் கதவை மூடி இழுத்தேன். லேசாகப் பிடித்துக்கொண்டு பாதி தூரம் வந்தது.

அப்புறம் வரவில்லை.

இறுக்கம் என்றால் கிழியும். இது கிழியவில்லை. மறுமுனையை யாரோ இரண்டு விரலால் பிடித்திருக்கிறார்கள். இழுக்கவில்லை. சும்மா பிடித்திருக்கிறார்கள், நான் என்ன செய்யப்போகிறேன் என்று பார்ப்பதற்கு.

கதவடியில் குனிந்து போல்ட்டைக் கால் சுற்று இறக்கினேன். மறுபடி இழுத்தேன். விட்டுவிட்டார்.

இந்த ஒரு கார் இல்லை. ராயபுரத்திலிருந்து வந்த பிறகு என் கைக்கு வருகிற எல்லாக் காரிலும் இப்படித்தான். கூடுதலாக ஒரு நூல் வைத்தாலும் விடுவதில்லை. அளவு சரியாகும்வரை பிடித்திருக்கிறார்.

கடைசியில் பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு நானே உள்ளே உட்கார்ந்து கதவை மூடிக்கொள்கிறேன். யாரையும் உட்காரச் சொல்வதில்லை. தள்ளிப் பார்த்து, கதவு திறந்து, வெளியே வந்து, வயரை மாட்டி, மெமரி பழக்கி முடிக்கப் பத்து நிமிடம் ஆகிறது. உள்ளே இருக்கும்போது பக்கத்து சீட்டைத் திரும்பிப் பார்ப்பதில்லை. வண்டி எடுக்க வருகிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள், இடது சீட்டு மட்டும் ஏன் நனைந்திருக்கிறது என்று.